தொண்ணூற்றாறு ஆடுகளும் ஓர் எக்ஸ்கர்ஷனும்

நாளை மத்தியானம் ஆபீஸில் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது ஒரு சின்னப் பரிசோதனை செய்து பாருங்கள். பக்கத்து சீட்காரரிடம், “ஸார், ஒன்பதாம் வகுப்பில் படித்த பாடம் ஏதாவது மூன்று சொல்லுங்கள்” என்று கேளுங்கள். விழிப்பார். “பித்தாகரஸ்...” என்று ஆரம்பித்து, ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு யோசிப்பார். பித்தாகரஸ் என்ன சொன்னார் என்பது அவருக்கும் தெரியாது, ஊறுகாய்க்கும் தெரியாது.

உடனே அடுத்த கேள்வியைப் போடுங்கள். “ஸ்கூல்ல எக்ஸ்கர்ஷன் போனீங்களா?”

அவ்வளவுதான்! மனிதர் சாப்பிடுவதை நிறுத்திவிடுவார். பஸ்ஸின் கலர், டிரைவரின் மீசை, யார் வாந்தி எடுத்தான், யார் மேல் எடுத்தான், எந்த ஊரில் டீ குடித்தார்கள், எந்த டீச்சர் அன்றைக்கு மட்டும் சிரித்தார் என்று லஞ்ச் டைம் முடிந்து மானேஜர் எட்டிப் பார்க்கும் வரை சொல்வார். இருபது முப்பது வருஷத்துக்கு முன்னால் போன ஒரே ஒரு நாள்!

(எனக்கென்று ஆபீஸ் கிடையாது. பி.காம். முடித்துவிட்டு நாலு சின்னக் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதுகிறேன். இரண்டுக்கும் பணம் தாமதமாகத்தான் வரும். ஆகவே இந்தப் பரிசோதனையை நான் அடுத்தவர் ஆபீஸ்களில், அடுத்தவர் ஊறுகாயில்தான் நடத்தினேன். ரிசல்ட் எல்லா இடத்திலும் ஒன்றுதான்.)

என் கதைக்கு வருகிறேன்.

எங்கள் பள்ளிக்கூடம் தஞ்சாவூர் மாவட்டத்தில், பாபநாசத்துக்குப் பக்கத்தில் இருந்தது. பையன்கள் மட்டும். நாலு அணிகள்: சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள். வருஷத்தில் 364 நாட்கள் இந்த அணிகள் எங்கே இருக்கின்றன என்று ஹெட்மாஸ்டருக்கே தெரியாது. ஸ்போர்ட்ஸ் டே அன்று மட்டும் திடீரென்று எல்லோருக்கும் ரத்தம் கலர் கலராக ஓட ஆரம்பிக்கும். காலையில் ஒரே சைக்கிளில் டபுள்ஸ் வந்தவன், பத்து மணிக்கு, “டேய் நீலம், ஒழிஞ்சுபோ!” என்று கத்துவான். சாயந்திரம் மறுபடி அதே சைக்கிளில் டபுள்ஸ் போவான். முதல் பரிசு ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பா. அதற்காக முட்டியைப் பெயர்த்துக்கொண்டவர்கள் உண்டு.

நான் மஞ்சள். மஞ்சள் அணிக்கென்று ஒரு பாரம்பரியம் இருந்தது - நாலாவதாக வருவது. கயிறு இழுக்கும் போட்டியில் விசில் ஊதியதும், கயிறு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் நாங்களும் மரியாதையாகப் போய்விடுவோம்.

2003-ம் வருஷம் நான் ஒன்பதாம் வகுப்பு. டெல்டாக்காரர்களுக்கு அந்த வருஷம் நன்றாக ஞாபகம் இருக்கும். வழக்கமாக ஜூன் 12-ல் திறக்க வேண்டிய மேட்டூர் அணை, முந்தைய வருஷத்தைப் போலவே அந்த வருஷமும் உரிய நாளில் திறக்கவில்லை. குறுவை போச்சு. வாய்க்காலில் நாங்கள் கிரிக்கெட் ஆடினோம். பெரியவர்கள் வாய்க்கால் கரையில் நின்று கிரிக்கெட்டைப் பார்க்கவில்லை, வாய்க்காலைப் பார்த்தார்கள்.

இந்த நிலைமையில், 2004 ஜனவரியில் பொங்கல் லீவு முடிந்த கையோடு, எங்கள் வரலாற்று ஸார் அறிவித்தார்: “பெரிய கோயில், சரஸ்வதி மகால், கல்லணை. ஆளுக்கு 110 ரூபாய். வர்றவங்க கையத் தூக்குங்க!”

வகுப்பில் 46 பேர். முப்பது சொச்சம் கைகள் உயர்ந்தன.

“மத்தவங்க?”

“நான் ஏற்கெனவே பாத்துட்டேன் ஸார்.”

“நானும் பாத்துட்டேன் ஸார்.”

“கல்லணைகூடப் பாத்தாச்சு ஸார்.”

வரிசையாக எழுந்து இதையே சொன்னார்கள். எங்கள் வகுப்பில் இத்தனை சுற்றுலாப் பயணிகள் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அதில் ஒருவன், வகுப்பில் நாங்கள் ‘கீதாரி’ என்று கூப்பிடும் பையன். அவன் குடும்பம் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கிடை போட வந்து, எங்கள் ஊரோரமே தங்கிவிட்ட குடும்பம். (பட்டணத்து வாசகர்களுக்கு: அறுவடை முடிந்த வயலில் ராத்திரி பூராவும் ஆட்டு மந்தையை அடைத்து வைப்பார்கள். புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு உரம். ராத்திரிக்கு இவ்வளவு என்று வயல்காரர் கூலி கொடுப்பார். அதுதான் கிடை. மந்தைக்குத் தலைவர், கீதாரி.) வயலே காய்ந்து கிடக்கும்போது கிடை ஏது, கூலி ஏது? இதெல்லாம் ஸாருக்குத் தெரியாதா என்ன!

ஸார் கோபப்படவில்லை. “பாத்துட்டீங்களா? ரொம்ப சந்தோஷம். பெரிய கோயில் விமானத்துக்கு எத்தனை நிலை?”

மௌனம்.

“ஏழு ஸார்...” “ஒம்பது ஸார்...” ஏலம் போல ஏறிக்கொண்டே போனது.

“பதிமூணு! பாத்தவனுக்கும் தெரியல, பாக்காதவனுக்கும் தெரியல. அதனால எல்லாரும் வர்றீங்க. 46 பேர் போனாலும் பஸ் வாடகை அதான், 30 பேர் போனாலும் அதான்.”

பிற்காலத்தில் இதற்கு ‘ஃபிக்ஸட் காஸ்ட்’ என்று பெயர் சொல்லி, மூன்று வருஷம் ஃபீஸ் வாங்கிக்கொண்டு காலேஜில் சொல்லிக் கொடுத்தார்கள்.

மறுநாள் ஆசிரியர்கள் அறையின் மூலையில் ஒரு மண் உண்டியல் வந்து உட்கார்ந்தது. ஒவ்வொருத்தனாகத் தனியாக உள்ளே போக வேண்டும். முடிந்ததைப் போட வேண்டும். வெளியே வந்து வாயைத் திறக்கக் கூடாது. யார் எவ்வளவு போட்டான் என்பது அவனுக்கும் அந்த மண்ணுக்கும்தான் தெரியும். ஸார் அறைக்கு வெளியே நின்று தினசரிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

உண்டியலை உடைத்தார்கள். சேர வேண்டியது 46 x 110 = 5,060 ரூபாய். சேர்ந்தது 3,850. துண்டு விழுந்தது 1,210.

ஸார் போர்டில் அந்த எண்ணை எழுதிவிட்டு டிரில் மாஸ்டரைக் கூப்பிட்டார். இருவரும் ஏதோ பேசிக்கொண்டார்கள். டிரில் மாஸ்டர் வகுப்புக்குள் வந்து ஊதினார் பாருங்கள் ஒரு விசில்! “பழைய பேப்பர் கிலோ நாலு ரூபாய். சனி, ஞாயிறு ரெண்டு நாள். நாலு ஹவுஸ். எவன் அதிக எடை கொண்டுவர்றான்னு பாக்கறேன்!”

ஸ்போர்ட்ஸ் டே அன்று மட்டும் முழிக்கும் அந்த ரத்தம், ஜனவரியிலேயே முழித்துக்கொண்டது. நாலு கலரும் ஊரைச் சல்லடை போட்டுச் சலித்தன. வாசலில் தாத்தா பேப்பர் படித்துக்கொண்டிருந்தால், எதிரே ரெண்டு பையன்கள் நின்று அவர் முடிப்பதற்காகக் காத்திருந்தார்கள். ஒருத்தன் வீட்டிலிருந்த பதினைந்து வருஷத்துப் பஞ்சாங்கங்களையும் அள்ளிக்கொண்டு வந்தான். இன்னொருத்தன் கொண்டுவந்த கட்டில் அவன் அப்பாவின் நிலவரி ரசீதுகள் இருந்ததால், அப்பாவும் பின்னாலேயே ஓடி வந்தார். பச்சை அணியின் மூட்டையில், எங்களுக்குத் திருப்பித் தரவே படாத அரையாண்டு விடைத்தாள்கள் இருந்தன. எப்படிக் கிடைத்தது என்று யாரும் விசாரிக்கவில்லை. நீல அணி தண்ணீர் தெளித்து எடை கூட்டப் பார்த்தது. பழைய பேப்பர் கடைக்காரர் ஒரு பேப்பரை எடுத்து முகத்தில் ஒற்றிக்கொண்டு, “குளுகுளுன்னு இருக்கே தம்பி” என்றார்.

நீலம் 91 கிலோ, சிவப்பு 84, பச்சை 79, மஞ்சள் 64. (பாரம்பரியத்தை விடவில்லை பாருங்கள்!) மொத்தம் 318 கிலோ. 1,272 ரூபாய். துண்டு 1,210 போக மிச்சம் 62.

திங்கட்கிழமை நோட்டீஸ் போர்டில் ஸார் கைப்பட எழுதிய வரவு - செலவுக் கணக்கு ஒட்டப்பட்டிருந்தது. ‘மீதி ரூ.62 - பிரயாணத்தில் கடலை மிட்டாய்க்கு’ என்பது உள்பட. நான் பார்த்த முதல் பாலன்ஸ் அதுதான். அதற்குப் பிறகு எத்தனையோ கம்பெனிக் கணக்குகளைப் பார்த்துவிட்டேன். அவ்வளவு சுத்தமான கணக்கை இன்னும் பார்க்கவில்லை.

பஸ் கிளம்பியது. வாந்தி, பாட்டு, ஜன்னல் சீட் சண்டை எல்லாம் உங்கள் பஸ்ஸில் நடந்தது போலவே நடந்தது. நேராகத் தஞ்சாவூர் பெரிய கோயில்.

அந்த விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று சின்ன வயசிலிருந்தே கேள்விப்பட்டிருப்பீர்கள். நாங்களும் அப்படித்தான். ஊரே சொல்கிறது, சினிமாவில் சொல்கிறார்கள், பொய்யா இருக்குமா? பதினோரு மணி வெயிலில் ஸார் எங்களை வெளியே நிறுத்தி, “இதென்னடா கருப்பா?” என்று தரையைக் காட்டினார். கல் தளத்தில் ஜம்மென்று படுத்திருந்தது நிழல்.

“சூரியன் நேர் தலைக்கு மேல இருக்கறப்ப அடிப்பாகத்துக்குள்ளேயே அடங்கி, கண்ணுல படாம போயிடும். மத்த நேரம் எல்லாப் பொருளுக்கும் விழற மாதிரிதான் இதுக்கும் விழும். ராஜராஜன் பெரிய ஆள்தான். அதுக்காகச் சூரியன் சட்டத்தை மாத்திக்குமா? சரி, இப்ப உயரத்தைக் கண்டுபிடிங்க.”

டிரில் மாஸ்டர் லாங் ஜம்ப் அளக்கும் டேப்பைக் கொண்டுவந்திருந்தார். மூன்றடிக் குச்சி ஒன்றை நட்டு அதன் நிழலை அளக்க வேண்டும். விமானத்தின் நிழலையும் அளக்க வேண்டும். குச்சிக்கும் அதன் நிழலுக்கும் என்ன விகிதமோ, அதேதான் விமானத்துக்கும். வெறுங்காலோடு சுடுகல்லில் நாலு கலரும் டான்ஸ் ஆடிக்கொண்டே அளந்தன. சிவப்பு அணிக்கு 150 அடி வந்தது. அவர்கள் சுவரோரத்திலிருந்து நிழலை அளந்திருந்தார்கள்! உச்சி இருப்பது சுவருக்கு மேலேயா? நடுவில் அல்லவா? அடிப்பாகத்தில் பாதி அகலத்தையும் சேர்த்து அளக்க வேண்டும். பச்சைக்கு 230 அடி. நீலத்துக்கு 205. மஞ்சளுக்கு 212.

உண்மையான உயரம் சுமார் 216 அடி. சரித்திரத்தில் முதல் தடவையாக மஞ்சள் முதலிடம்! நாங்கள் போட்ட கூச்சலில் கோயில் புறாக்கள் மொத்தமும் கிளம்பிப் போய்விட்டன.

அதற்குப் பிறகுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

ஸார் எங்களைச் சுவரோரம் அழைத்துப் போனார். 1010-ல் குடமுழுக்கு நடந்த அந்தக் கோயிலின் சுவரெங்கும் எழுத்து. சாமி பாட்டு, ராஜா புகழ் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ராஜாவின் புகழும் இருக்கிறது. ஆனால் பெரும்பகுதி என்ன தெரியுமா? கணக்கு! யார் என்ன நகை கொடுத்தார்கள், எத்தனை எடை. ஆடல் பெண்கள் 400 பேர், ஆளுக்கு ஒரு வீடு, வருஷத்துக்கு நூறு கலம் நெல் சம்பளம். விளக்கேற்றுபவர், குடை பிடிப்பவர், துணி வெளுப்பவர், தையல்காரர், கணக்கர் என்று யாரையும் விடவில்லை. கோயில் பணத்தை ஊர்ச் சபைகளுக்கு வட்டிக்குக் கொடுத்திருக்கிறார்கள் - காசுக்கு வருஷம் அரைக்கால் காசு. அதாவது பன்னிரண்டரை சதவீதம். (ஃபிக்ஸட் டெபாசிட் போட்டிருப்பவர்கள் பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம்.)

“கோயில்ல ஒரு விளக்கு அணையாம எரியணும்னா என்ன செய்வாங்க தெரியுமா?” என்று ஸார் தன் நோட்டைப் புரட்டினார். “ஒரு விளக்குக்கு 96 ஆடு தானமாக் கொடுப்பாங்க. அதை இடையர்கிட்ட ஒப்படைப்பாங்க. அவர் தினமும் ஒரு உழக்கு நெய் கோயிலுக்கு அளக்கணும். உழக்குன்னா நாழியில கால் பங்கு. எத்தனை வருஷத்துக்கு? சூரியனும் சந்திரனும் இருக்கற வரைக்கும்! சோழர் கல்வெட்டுல இந்த ஆட்டுக்கு ஒரு பேர் உண்டுடா. சாவா மூவாப் பேராடு. சாகாத, கிழடு தட்டாத ஆடு. அது எப்படிடா ஓர் ஆடு சாகாம இருக்கும்?”

“சாமி ஆடு ஸார். சாகாது” என்றான் சிவப்பு அணித் தலைவன்.

“கல்லுல செஞ்ச ஆடா ஸார்?”

“கல் ஆடு நெய் குடுக்குமாடா?”

டிரில் மாஸ்டர், “தினம் எக்சர்சைஸ் பண்ணியிருக்கும்” என்றார். சிரித்து ஓய்ந்தோம். ஸார் சிரித்தபடியே ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

கடைசி வரிசையிலிருந்து, நாள் பூராவும் வாயைத் திறக்காத கீதாரியின் குரல் வந்தது.

“ஆடு சாகும் ஸார். மந்தைதான் சாகாது.”

“முன்னால வந்து சொல்லு.”

வந்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்துச் சொன்னான். “பொட்டைக் குட்டிய வெச்சுக்கணும் ஸார். கிடாக்குட்டிய வித்துரலாம். கெழடு ஆனத கழிச்சுவிட்டு அந்த எடத்துல குட்டிய சேத்துரணும். நோவுல நாலு போனாலும், ஈத்துல நாலு வந்துரும். எப்ப எண்ணுனாலும் 96 இருக்கும். அதே ஆடு இல்ல ஸார், ஆனா அதே மந்தைதான். எங்கப்பா அப்படித்தான் வெச்சிருக்காங்க.”

யாரும் சிரிக்கவில்லை.

ஸார் கேட்டார்: “96 ஆட்டுப் பால்ல தினம் ஒரு உழக்கு நெய் வருமாடா?”

கொஞ்சம் யோசித்தான். “செம்மறி குட்டிக்கே பத்தாம கறக்கும் ஸார். வருஷம் பூராவும் வராது. வித்த குட்டிக் காசுல நெய் வாங்கி ஊத்தியிருப்பாக.”

வரலாற்று ஸார் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அவன் சொன்னதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். பக்கத்தில் அவன் பெயரையும் எழுதினார். பட்டப்பெயரை அல்ல, நிஜப் பெயரை. பதினாலு வயசுப் பையன்கள் 45 பேர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அன்று சாயந்திரம் கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் நாலாகப் பிரியும் இடத்தையும், எங்கள் ஊர் வாய்க்காலின் தலையெழுத்தை எழுதும் ஷட்டர்களையும் பார்த்தோம். திரும்பி வரும்போது கீதாரிக்கு ஜன்னல் சீட் கிடைத்தது. யாரும் சண்டை போடவில்லை.

சில வருஷம் கழித்து பி.காம். முதல் வருஷத்தில், ‘கோயிங் கன்சர்ன்’ என்று ஒரு தத்துவம் நடத்தினார்கள். முதலாளி போவார், தொழிலாளி போவார், மெஷின் தேயும், ஆனால் நிறுவனம் நிலைத்து நடக்கும் என்று வைத்துக்கொண்டுதான் கணக்கு எழுத வேண்டும். மூலதனம் குறையாமல் பார்த்துக்கொண்டு, அதற்கு மேல் வருவதைத்தான் செலவு செய்யலாம். வகுப்பே தலையைச் சொறிந்தது. நான் மட்டும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு 96 ஆடுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பரீட்சையில் உதாரணத்துக்கு ஆட்டு மந்தையையே எழுதினேன். திருத்தியவர் ஓரத்தில் ஒரு பெரிய கேள்விக்குறி போட்டிருந்தார். மார்க்கும் போட்டிருந்தார்.

கீதாரி இன்றைக்கு ஊரில் சொந்த மந்தை வைத்திருக்கிறான். எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் எல்லோரும் குட் மார்னிங் பூ அனுப்பும்போது, அவன் ஆடு விலை அனுப்புவான். போன தீபாவளிக்கு போனில் கேட்டேன்: “டேய், அந்த உண்டியல்ல நீ எவ்வளவுடா போட்ட?”

சிரித்தான். “ஒரு ரூவா காசு மாப்ளே. நோட்டு போட்டா சத்தம் கேக்காதுல்ல? வெளிய ஸாருக்கு சத்தம் கேக்கணும்னு காசாப் பாத்துப் போட்டேன்.”

ஒரு ரூபாய். 110-ல் ஒரு ரூபாய். பாக்கி 109-ஐ ஊரின் பஞ்சாங்கமும் விடைத்தாளும் கட்டின. அந்த 109 கட்டப்படாமல் போயிருந்தால், நாங்கள் 45 பேரும் ‘சாமி ஆடு சாகாது’ என்று எழுதிக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்போம். ஸார் உள்பட.

இதையெல்லாம் இப்போது ஏன் கிளறுகிறேன் என்றால், என் பெண் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். சென்னையின் தெற்குப் புறநகரில் வீடு, பக்கத்தில் பள்ளி. சென்ற டிசம்பரில் ஒரு சர்க்குலர் வந்தது. கல்விச் சுற்றுலா, ஏ.சி. பஸ்; இரண்டு நாள்; தண்ணீர் விளையாட்டுப் பூங்கா; ஆளுக்கு 7,800 ரூபாய். தொப்பி இலவசம். சறுக்கு மரத்தில் சறுக்கித் தண்ணீரில் விழுவதில் என்ன கல்வி என்று கேட்காதீர்கள். புவியீர்ப்பு விசையாக இருக்கலாம்.

கூடவே இரண்டு பக்கத்துக்குச் சம்மதக் கடிதம். அதை நான் கேலி செய்ய மாட்டேன். 2024 ஜனவரி 18-ல் குஜராத்தின் வடோதராவில், ஹர்ணி ஏரியில் பள்ளிப் பிள்ளைகள் போன படகு கவிழ்ந்து 12 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். பிக்னிக் போன பிள்ளைகள். பள்ளிகள் பயப்படுவது நியாயம்தான். ஆனால் கடிதத்தில் கையெழுத்து வாங்குவது பள்ளிக்குத்தான் பாதுகாப்பு. பிள்ளைக்குப் பாதுகாப்பு, எண்ணிக்கையை மீறாத படகும், லைஃப் ஜாக்கெட்டும், கண் எடுக்காமல் பார்க்கும் பெரியவர்களும்.

என்னை உலுக்கியது கடிதம் அல்ல. என் பெண் சாதம் பிசைந்துகொண்டே சொன்ன ஒரு வரி: “அப்பா, என் பக்கத்து சீட்காரி வரலையாம்ப்பா. அவ அந்த பார்க்கை ஏற்கெனவே பாத்துட்டாளாம்.”

பாத்துட்டாளாம்!

காரணத்தை நான் விசாரிக்கவில்லை. விசாரிக்கக் கூடாது என்பதுதான் மண் உண்டியல் சொல்லிக் கொடுத்தது. பொதுவாக ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டப்படி, சிறுபான்மை நிறுவனங்கள் நீங்கலாகத் தனியார் பள்ளிகள், நுழைவு வகுப்பில் குறைந்தது 25 சதவீத இடத்தை வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் தர வேண்டும். வகுப்பறைக் கட்டணத்தை அரசு ஈடு செய்யும். ஏ.சி. பஸ்ஸுக்கும் தொப்பிக்கும்? ஆக, வருஷத்தில் 363 நாட்கள் ஒரே பெஞ்சில் உட்காரும் பிள்ளைகள், இரண்டு நாள் மட்டும் இரண்டு ஜாதியாகிறார்கள் - போனவர்கள், பார்த்தவர்கள்.

வகுப்பறைக்கு வெளியேதான் படிப்பு என்று எல்லோரும் சொல்லியாகிவிட்டது. பள்ளி வாழ்க்கையை வெளி வாழ்க்கையோடு இணைக்காமல் சுமையை மட்டும் ஏற்றுகிறோம் என்று 1993-லேயே யஷ்பால் கமிட்டி வருத்தப்பட்டது. 2020 தேசியக் கல்விக் கொள்கையில் எத்தனையோ விஷயங்களுக்குச் சண்டை நடக்கட்டும். 6 முதல் 8 வகுப்புப் பிள்ளைகள் பத்து நாட்கள் புத்தகப் பை இல்லாமல், உள்ளூர்த் தச்சரிடமும் தோட்டக்காரரிடமும் குயவரிடமும் போய்க் கற்றுக்கொள்ளட்டும் என்று அதில் இருக்கிறது. இதற்கெல்லாம் ஏ.சி. பஸ் வேண்டாம். தபால் ஆபீசுக்கு நடந்தே போகலாம். ஒரு கடிதம் அங்கிருந்து எப்படிப் புறப்படுகிறது என்று பார்த்த பிள்ளை, பின்கோடை மறக்காது.

பள்ளியில் போய்ப் பேசினேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். “அடுத்த வருஷம் பரிசீலிக்கிறோம் ஸார்” என்றார்கள். ஏ.சி. பஸ் திட்டமிட்டபடி கிளம்பியது.

நாங்கள் ஆறு பெற்றோர் சேர்ந்து ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொண்டோம். வகுப்பில் 34 பிள்ளைகள். எல்லோருக்கும் அழைப்பு. பள்ளிக்கரணை சதுப்பு நிலம். 2022-ல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இடம். எங்கள் பிள்ளைகளுக்கு அது, ‘குப்பை நாத்தம் வர்ற எடம், கண்ணாடிய ஏத்து’ என்று மட்டும் தெரியும். டவுன் பஸ்ஸில் போனோம். ஐந்து பிள்ளைக்கு ஒரு பெரியவர். தண்ணீருக்குள் இறங்குவது கிடையாது. முதல் நாள், எங்கள் வீட்டு ஹாலில் ஒரு மண் உண்டியல் இருந்தது. ஒவ்வொருத்தராகத் தனியாக வந்து போட்டுவிட்டுப் போனார்கள். நான் வெளியே நின்று பேப்பர் படித்தேன்.

28 பிள்ளைகள் வந்தார்கள். என் பெண்ணின் பக்கத்து சீட்காரியும் வந்தாள்.

நீலத் தாழைக்கோழியைப் பார்த்தோம். நாமக்கோழியைப் பார்த்தோம். தூரத்தில் ரோஸ் கலரில் ஒரு கூட்டம் பூநாரை. மழைத் தண்ணீரைப் பஞ்சு போல உறிஞ்சி வைக்கும் இந்த நிலத்தை நிரப்பி வீடு கட்டினால், அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று ஒரு அப்பா கேட்டார். “எங்க வீட்டுக்குள்ள!” என்று நாலைந்து குரல்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு பிறந்த குழந்தைகள். அப்பா, அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறார்கள்.

நான் ரகசியமாக அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். கீதாரி மாதிரி இவளும் ஏதாவது சொல்லப் போகிறாள், நானும் பேனாவை எடுத்து எழுதிக்கொள்ள வேண்டும் என்று ஒரு ஆசை. பேனாகூட ரெடி.

அவள் ஒன்றுமே சொல்லவில்லை. பறவைகளைவிடப் பிஸ்கெட்டில்தான் கவனமாக இருந்தாள். திரும்பும்போது ஜன்னல் சீட்டுக்காக என் பெண்ணோடு பலமாகச் சண்டை போட்டாள். தலைமுடியைப் பிடிக்கும் அளவுக்குப் போனது. நானும் கண்டக்டரும் சேர்ந்துதான் பிரித்தோம்.

யோசித்துப் பார்த்தால், கீதாரிகூட ஆடு பற்றிப் பேசியதற்காக அந்த பஸ்ஸில் ஏற்றப்படவில்லை. ஏறிய பிறகுதான் பேசினான். பேசாமலே இருந்திருந்தாலும் அந்த சீட் அவனுடையதுதான்.

கணக்கை வகுப்பு குரூப்பில் போட்டுவிட்டேன். உண்டியல் வரவு ரூ.1,146. பஸ்ஸும் பிஸ்கெட்டும் தண்ணீர் பாட்டிலும் போக மீதி ரூ.31. அடுத்தது தபால் ஆபீஸ்.